குதிரையேற ஆசைப்படும் தம்பதிகளுக்கு: குழுப் பாடமா, தனிப் பாடமா, அரைக் குத்தகையா, இலவசக் குதிரையா?

போன மாதம் தென்னாப்பிரிக்காவில், எங்கள் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த்தில் ஒரு கல்யாண வரவேற்பு. என் மேசையில் கல்யாணமாகி ஒரு வருடமான ஒரு தம்பதி உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் பெண் கைப்பேசியை நீட்டி ஒரு விளம்பரத்தைக் காட்டினாள். ஓய்வுபெற்ற பந்தயக் குதிரை, ஐந்து வயது, நல்ல இடமாக இருந்தால் சும்மாவே கொடுத்துவிடுவார்களாம். "அக்கா, மாசாமாசம் பாடத்துக்குக் காசு கட்டறதுக்கு இதையே வாங்கிடலாமில்ல?" அதே மேசையில் ஐம்பதைத் தாண்டிய இன்னொரு தம்பதியும் இருந்தார்கள். பிள்ளைகள் ஜோஹன்னஸ்பர்க் போய்விட்டதால் அவர்களுக்குச் சனிக்கிழமை காலியாகக் கிடக்கிறது. அவர்கள் கேட்டது வேறு: "ரெண்டு பேரும் ஒண்ணா கத்துக்கலாமா, தனித்தனியா போகணுமா?"

நாதஸ்வர இரைச்சலில் இரண்டுக்கும் பதில் சொல்ல முடியவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

நானும் என் வீட்டுக்காரரும் டர்பனை அடுத்த ஷாங்வேனிப் பக்கம் மூன்று வருடமாக லாயத்துக்குப் போய்வருகிறோம். நான் கும்பகோணத்திலிருந்து வாக்கப்பட்டு வந்தவள். அவர் குடும்பம் நாலு தலைமுறையாக இந்த ஊர். நாங்கள் குதிரை ஏறப்போகிறோம் என்று கேட்டதும் அவருடைய ஆயா சொன்னது: "கரும்புக் காட்டுல குதிரை மேல உட்கார்ந்தவன் தொரை. நம்மாளு கீழ. இப்ப நீ தொரைசாணி ஆகப்போறியா?" இன்றும் லாயத்துக்குக் கிளம்பும்போது வீட்டில் என்னைத் துரைசாணி என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

## எதை வைத்து எடை போடுவது

எல்லோரும் முதலில் கேட்பது விலை. நான் அதை நாலாவதாக வைப்பேன்.

முதலாவது பயம். இரண்டு பேருக்கும் ஒரே அளவு பயம் இருக்கவே இருக்காது. ஒருவர் இரண்டாம் வாரமே குதிரையை ஓடவிடத் துடிப்பார். மற்றவர் இரண்டாம் மாதத்திலும் பிடரி மயிரை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருப்பார். இந்த இடைவெளியை நீங்கள் தேர்ந்தெடுக்கும் வழி தாங்குமா என்று பாருங்கள்.

அடுத்தது எடை. ஒரு குதிரை தன் உடல் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சுமக்கலாம் என்பது பரவலாகப் புழங்கும் கணக்கு. சேணமும் அதில் சேர்த்தி. 500 கிலோ குதிரை என்றால் 100 கிலோ. சேணம், பூட்ஸ், ஹெல்மெட் எல்லாமாக ஒரு பத்து கிலோவைக் கழித்தால் ஆளுக்கு 90. புதிதாகக் கற்பவர் அரிசி மூட்டை மாதிரி முதுகில் விழுந்து விழுந்து எழுவார் என்பதால் பல லாயங்கள் அதற்கும் கீழே கோடு போட்டுவிடும். என் வீட்டுக்காரர் அப்போது 96. அந்த லாயத்தில் இருந்த பதினாலு குதிரைகளில் அவரைச் சுமக்கக்கூடியவை இரண்டுதான். அவற்றில் ஒன்று நொண்டினால் அவருக்கு அன்று பாடம் கிடையாது. ரொட்டியைக் குடைந்து மட்டன் குழம்பு நிரப்பிய 'பன்னி சௌ'வை விடச் சொல்லி நான் சொன்னபோது கேட்காதவர், குதிரைக்காக விட்டார். அந்த வருடப் புரட்டாசி விரதத்தை ஐப்பசியிலும் நீட்டினார்.

மூன்றாவது, நம் ஊருக்கே உரிய விஷயம்: கோடை. இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். வெளிநாட்டுக் குதிரைப் புத்தகங்கள் எதிலும் இது முதல் பக்கத்தில் இருக்காது, இங்கே எல்லா முடிவும் இதில்தான் வந்து நிற்கும்.

ஆப்பிரிக்கக் குதிரை நோய் என்று ஒன்று இருக்கிறது. மிட்ஜ் என்னும் பொடிக்கொசு, ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான் இருக்கும், அது கடித்துப் பரவும் வைரஸ். மனிதருக்கு வராது, குதிரைக்கு மருந்து கிடையாது. மழை பெய்து மண் ஈரமாகக் கிடக்கும் கோடைக் கடைசியில், பிப்ரவரியில் தலைகாட்டி மார்ச், ஏப்ரலில் உச்சத்துக்குப் போகும். முதல் உறைபனி விழுந்தால் மிட்ஜ் அடங்கும் என்பார்கள். டர்பன் கடற்கரையில் உறைபனி ஏது? அதனால் நம் பக்கம் மே மாதம் வரையிலும் நிம்மதி இல்லை. நுரையீரலைத் தாக்கும் வகைக்கு ஆப்பிரிக்கான்ஸில் டன்கொப் என்று பெயர். காலையில் தீனி தின்ற குதிரை மாலையில் மூக்கில் நுரை தள்ளிப் போய்விடும். அந்த வகை வந்தால் பத்தில் ஒன்பதுக்கு மேல் பிழைப்பதில்லை. தலையும் கண்ணுக்கு மேலும் வீங்கும் டிக்கொப் வகையில் அதிகம் போனால் பாதி தேறும். 1854, 1855இல் கேப் பகுதியில் இது ஏறக்குறைய 70,000 குதிரைகளைக் கொன்றது. ஒருமுறை வந்து பிழைத்த குதிரையை 'உப்பேறிய குதிரை' என்று சொல்லி அந்தக் காலத்தில் பல மடங்கு விலை கொடுத்து வாங்கியிருக்கிறார்கள். இசிப்பிங்கோ மாரியம்மன் கோயிலில் கூட்டம் நெரியும் ஈஸ்டர் திருவிழாவும் இந்த நோயின் உச்சமும் ஒரே சமயத்தில் வருவது தற்செயல்தான். ஆனாலும் நான் அங்கே போகும்போது எங்கள் லாயத்தையும் சேர்த்தே வேண்டிக்கொள்கிறேன்.

இதற்கும் உங்கள் பாடத்துக்கும் என்ன சம்பந்தம்? மிட்ஜ் பொழுது சாய்ந்ததிலிருந்து விடியும் வரைதான் அதிகம் கடிக்கும். அதனால் அந்த மாதங்களில் குதிரைகளைச் சூரியன் மறைவதற்கு முன்பே உள்ளே அடைத்துவிடுவார்கள், காலையில் நன்றாக வெயில் வந்த பிறகுதான் வெளியே விடுவார்கள். வேலை முடிந்து ஐந்தரைக்கு லாயத்துக்குப் போகலாம் என்ற உங்கள் திட்டம் அந்த மாதங்களில் செல்லாது. ஜூன், ஜூலையில் செல்லுமா என்றால், ஐந்து மணி தாண்டினாலே இருட்டு. நவம்பர் முதல் பிற்பகலில் இடி மின்னல். வேலைக்குப் போகும் தம்பதிக்கு மிஞ்சுவது சனி, ஞாயிறு காலை. அதே நேரத்துக்குத்தான் பள்ளிப் பிள்ளைகளும் வரிசையில் நிற்கிறார்கள்.

நாலாவது செலவு. முதல் நாள் விலையைப் பார்க்காமல் ஒரு வருடத்தின் மொத்தத்தைப் பாருங்கள். ஐந்தாவது, யாரும் கேட்காத கேள்வி: விலக வேண்டுமென்றால் எப்படி விலகுவது? ஜோடியாகத் தொடங்குபவர்களில் ஒருவர் பாதியில் நிற்பது நான் திரும்பத் திரும்பப் பார்த்தது. அன்றைக்கு மற்றவர் தொடர முடிய வேண்டும், பணமும் சிக்கக் கூடாது, குதிரையும் நட்டாற்றில் நிற்கக் கூடாது.

## குழுப் பாடம்

ஒரு ஆசிரியர், நாலைந்து பேர், ஒரு மணி நேரம். பணத்துக்கு இதுதான் இலேசு. எங்கள் லாயத்தில் ஒரு மணிக் குழுப் பாடமும் அரைமணித் தனிப் பாடமும் ஏறக்குறைய ஒரே விலை.

ஆனால் கணக்கைத் திருப்பிப் போடுங்கள். அறுபது நிமிடத்தை ஐந்து பேருக்குப் பிரித்தால் ஆசிரியரின் கண் உங்கள் மேல் இருப்பது பன்னிரண்டு நிமிடம். மிச்ச நேரம் முன்னால் போகிற குதிரையின் வாலைப் பார்த்துக்கொண்டு உங்கள் குதிரை தானாகச் சுற்றும். பாடத்துக்கென்றே லாயம் வைத்திருக்கும் பள்ளிக் குதிரைகள் இதில் பழம் தின்று கொட்டை போட்டவை. நீங்கள் ஓட்டுவதாக நினைத்துக்கொள்வீர்கள். அது உங்களைச் சுமந்துகொண்டு ஊர்வலம் போகும். ஆரம்பத்தில் உட்காரும் முறை தப்பாகப் படிந்தால் பிறகு திருத்துவதற்குத் தனிப் பாடத்துக்கே பணம் கட்ட வேண்டியிருக்கும். குழுப் பாடத்தின் மறைவான செலவு அதுதான்.

பெரியவர்களுக்கென்று தனிக் குழு இல்லாத லாயத்தில் எட்டு வயதுப் பிள்ளைகளோடு நிற்க வேண்டிவரும். எனக்கு அதில் வெட்கமில்லை. அவருக்கு இருந்தது. ஒரு சின்னப் பெண், "அங்கிள், கடிவாளத்தை இவ்ளோ இழுத்தா அதுக்கு வாய் வலிக்கும்" என்று சொன்ன நாளோடு அவர் குழுவுக்கு முழுக்குப் போட்டார்.

குழு நல்லதாவது எப்போது? நடை, டிராட் (துள்ளுநடை), நிறுத்தம், திருப்பம் எல்லாம் கைக்கு வந்த பிறகு. அப்போது மற்ற குதிரைகளுக்கு நடுவில் இடைவெளி விட்டு ஓட்டுவதே ஒரு பாடம். நாலைந்து மாதம் கழித்து வரலாம்.

## ஜோடிப் பாடமும் தனிப் பாடமும்

ஐம்பது தாண்டிய தம்பதியின் கேள்விக்குப் பதில் இங்கே இருக்கிறது. நீளமாகத்தான் சொல்லப்போகிறேன், ஏனென்றால் இதில் நாங்கள் சூடு பட்டவர்கள்.

நாங்கள் முதலில் சேர்ந்த லாயத்தில் (இப்போது போவது வேறு) "தம்பதிதானே, ஒரே ஆசிரியர், ஒரே மணி நேரம், தலைக்கு இவ்வளவு குறையும்" என்று ஜோடிப் பாடத்தில் போட்டார்கள். கேட்க இனிப்பாகத்தான் இருந்தது. இரண்டாம் வாரமே என் வீட்டுக்காரர் தன் குதிரையில் உட்கார்ந்துகொண்டு எனக்கு ஆசிரியராகிவிட்டார். "ஹீல் டவுன், ஹீல் டவுன், கையைப் பாரு." தன் காலே பாதம் வைக்கும் அங்கவடியிலிருந்து நழுவிக்கொண்டிருப்பது அவருக்குத் தெரியவில்லை. புருஷன் பெண்டாட்டிக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்த கதை எல்லா வீட்டிலும் இருக்கும். இதில் கார் தானாகவும் முடிவெடுக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். திரும்பி வரும் வழி முழுக்க காருக்குள் மழை இல்லாமலே இடி.

சண்டை ஒருபக்கம் இருக்கட்டும். இதில் பெரிய கோளாறு வேறொன்று. துணிந்தவருக்காகப் பாடம் வேகமெடுக்கும், பயந்தவர் "நானும் சரிதான்" என்று தலையாட்டுவார். நான் தலையாட்டினேன். டிராட்டில் எழுந்து உட்காரும் தாளமே எனக்குப் பிடிபடாதபோது அதைவிட வேகமான கேன்டர் ஓட்டத்துக்குப் போனோம், மணலில் விழுந்தேன். எலும்பு முறியவில்லை. ஆனால் அதற்குப் பிறகு மூன்று மாதம், குதிரை தும்மினாலே என் கை சேணத்தைப் பற்றியது.

இரண்டாவது லாயத்தில் ஆசிரியை அம்மாள் எங்களைப் பார்த்ததுமே பிரித்துவிட்டார். அரைமணி எனக்கு, அரைமணி அவருக்கு, ஒரே சனிக்கிழமை, ஒன்றன்பின் ஒன்றாக. முதல் எட்டுப் பாடம் நீளக்கயிற்றில். ஆசிரியர் நடுவில் நின்று கயிற்றைப் பிடித்துக்கொள்ள, குதிரை அவரைச் சுற்றி வட்டமடிக்கும். கடிவாளம் உங்கள் கையில் இருக்காது. கையை விரித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, இடுப்பு மட்டும் குதிரையோடு அசையக் கற்றுக்கொள்வீர்கள். குதிரையை ஓட்டும் பொறுப்பு ஆசிரியருடையது, உட்காரும் பொறுப்பு மட்டும் உங்களுடையது. பயந்தவருக்கு இதைவிட நல்ல மருந்து நான் பார்க்கவில்லை.

காத்திருப்பவர் சும்மா இருக்க வேண்டியதில்லை. அந்த அரைமணியில் குளம்பைக் கொத்தி மண் எடுப்பது, உடம்பு தேய்ப்பது, சேணம் கட்டுவது, பிறகு அவிழ்த்துத் துடைப்பது எல்லாவற்றையும் லாயத்தில் குதிரைகளைப் பார்த்துக்கொள்ளும் ஜூலுக்காரப் பெரியவர் பாபாவிடம் கற்றோம். அவருக்கு ஜூலுவில் குதிரை இஹாஷி. எனக்கு அந்தச் சொல் வாயில் வர ஒரு மாதம் ஆனது, என் வீட்டுக்காரருக்கு அவரோடு சிநேகமாக ஒரே நாள் போதும்.

ஆக என் கட்சி இது: தம்பதியாகக் கற்றுக்கொள்ளுங்கள், ஆனால் முதல் மூன்று மாதம் ஒரே அரீனாவில் (பயிற்சித் திடலில்) ஒரே நேரத்தில் ஏறாதீர்கள். ஒரே நாள், ஒரே லாயம், ஒரே கார் போதும்.

இதன் மறைவான செலவுகள்: தனிப் பாடம் விலை கூடுதல், அதிலும் முந்தின நாளே சொல்லாமல் ரத்து செய்தால் பணம் திரும்பாது என்ற விதி பெரும்பாலும் உண்டு. இடி மழைக்கு என்ன விதி என்று தனியாகக் கேளுங்கள். ஹெல்மெட்டை லாயத்தில் இரவல் வாங்குவதைச் சீக்கிரம் நிறுத்திவிட்டு, குதிரையேற்றத்துக்கென்றே தரச் சான்று பெற்றதாகச் சொந்தமாக வாங்குங்கள். சைக்கிள் ஹெல்மெட், கிரிக்கெட் ஹெல்மெட் உதவாது. ஒருமுறை நன்றாக அடிபட்டால், வெளியே கீறல்கூட இல்லாவிட்டாலும், அது குப்பைக்குத்தான். என்னுடைய முதல் ஹெல்மெட் ஏழு வாரம் வாழ்ந்தது. உங்கள் மெடிக்கல் எய்ட் (மருத்துவக் காப்பீடு) குதிரையிலிருந்து விழுந்த காயத்தை ஏற்குமா என்பதை, லாயம் நீட்டும் 'எதற்கும் நாங்கள் பொறுப்பல்ல' தாளில் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

## அரைக் குத்தகை

இங்கே ஹாஃப் லீஸ் என்பார்கள். வேறொருவருடைய குதிரை. மாதச் செலவில் பாதியை நீங்கள் கட்டினால் வாரத்தில் மூன்று நாள் குதிரை உங்களுடையது. ஒரு வருடம் கற்ற பிறகு எல்லோருக்கும் இந்த ஆசை வரும். எங்களுக்கும் வந்தது. பிஸ்கட் என்ற பழுப்புப் பெண் குதிரை, பன்னிரண்டு வயது, தங்கமான குணம்.

கையெழுத்துப் போட்ட பிறகுதான் உறைத்தது: குதிரை ஒன்று, ஆள் இரண்டு. மூன்று நாளைப் பிரித்தால் தலைக்கு ஒன்றரை நாள். ஒருவர் ஏறினால் மற்றவர் வேலி ஓரத்தில். சேர்ந்து ஏற வேண்டும் என்றுதானே தொடங்கினோம்? அதுவே போய்விட்டது. சேர்ந்து ஏற விரும்பினால் மற்றவர் பள்ளிக் குதிரைக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும். சேணமும் இடக்கு. என் அளவுக்குச் சரியானது அவருக்குப் பற்றாது.

அப்புறம் குதிரை நோய்த் தடுப்பூசி. வருடத்துக்கு இரண்டு, குறைந்தது மூன்று வார இடைவெளியில். பெரும்பாலும் குளிர்காலத்திலோ வசந்தத்திலோ போடுவார்கள். போட்ட பிறகு ஒவ்வொரு முறையும் இரண்டு வாரமாவது கடின வேலை கொடுக்க விடமாட்டார்கள். அது முடிந்து மழை தொடங்கியதும் பிஸ்கட்டின் குளம்புக்குள் சீழ் கோத்துக்கொண்டது. ஈர மண்ணில் இது சகஜம். எல்லாம் சேர்ந்து அந்த ஆறு மாதத்தில் பத்து வாரம் நாங்கள் அவள்மேல் ஏறவில்லை. மாதப் பணம் ஒரு ராண்ட்கூடக் குறையவில்லை. மருத்துவர் செலவிலும் பாதி எங்கள் தலையில் என்றார் குதிரைக்காரர். ஒப்பந்தத்தில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை, அதனால் வாதாடவும் வழி இல்லை.

அதனால் தாளில் எழுதிக்கொள்ள வேண்டியவை: லாடம் யார் செலவு, மருத்துவர் யார் செலவு, குதிரை ஏற முடியாத நிலையில் எத்தனை வாரத்துக்குப் பிறகு பணம் குறையும், குதிரை செத்தால் என்ன. கடைசிக் கேள்வியைக் கேட்கக் கூச்சமாக இருக்கும். இந்த ஊரில் கேட்டே ஆக வேண்டும்.

இது யாருக்கு நல்லது? இருவரில் ஒருவருக்கு மட்டும் பித்துப் பிடித்திருந்தால். இப்போது எங்கள் நிலைமை அதுதான். அவர் கேன்டரோடு நிறுத்திக்கொண்டு தரையிறங்கிவிட்டார். லாயத்துக்கு மட்டும் வாராவாரம் வருவார், பிளாஸ்கில் டீயோடு. குதிரைக்குக் குளம்பு பார்ப்பதில் என்னைவிடக் கெட்டிக்காரர். பிஸ்கட்டின் மூன்று நாளும் எனக்கே.

## சொந்தக் குதிரை, அதுவும் இலவசக் குதிரை

விளம்பரத்தைக் காட்டிய தங்கச்சிக்கு.

நம் ஊரில் பந்தயக் குதிரைக்குப் பஞ்சமில்லை. கிரேவில் மைதானத்தில் 1897 முதல் 'டர்பன் ஜூலை' என்னும் பெரிய குதிரைப் பந்தயம் நடக்கிறது. அதற்கான குதிரைகளைப் பழக்கும் சம்மர்வெல்ட் நீங்கள் போகப்போகும் லாயத்துக்கு அக்கம்பக்கம்தான். ஓடிச் சலித்த, அல்லது ஓடவே லாயக்கில்லாத தரோபிரெட் என்னும் பந்தய இனக் குதிரைகள் நாலைந்து வயதிலேயே வெளியே வந்துவிடுகின்றன. சும்மா கிடைப்பது உண்மைதான். யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குக் கணக்குப் பார்க்க முடியாது என்பார்கள். இங்கே யானை சும்மா வருகிறது, அங்குசத்தில் வீடு போகிறது.

500 கிலோ குதிரை ஒரு நாளைக்கு எட்டு முதல் பத்து கிலோ காய்ந்த புல் தின்னும். மாதத்துக்கு 240 முதல் 300 கிலோ. பந்தயத்திலிருந்து இளைத்து வந்தது என்றால் அதற்கு மேல் தீவனமும் வேண்டும். டெஃப், எராக்ரோஸ்டிஸ் புல் கட்டுகளின் விலை மழை பொய்த்த வருடம் எங்கே போகும் என்று சொல்ல முடியாது. ஃபுல் லிவரி என்று மாதாமாதம் கட்டினால் புல், கொட்டில், ஆள் எல்லாம் அதில் அடங்கும். அடங்காதவை: ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை லாடம், குடற்புழு மருந்து, வருடத்துக்கு ஒருமுறை பல் அராவுவது, தடுப்பூசிகள், உண்ணி கடித்து வரும் பிலியரிக் காய்ச்சல், நடுராத்திரி வயிற்றுவலிக்கு ஓடிவரும் மருத்துவர், வருடக் கடைசியில் லாயத்து ஆட்களுக்குக் கிறிஸ்துமஸ் காசு. இவ்வளவும் கட்டிய பிறகு பாடத்துக்கும் பணம் கட்ட வேண்டும். ஏனென்றால் உங்களுக்கு இன்னும் ஓட்டத் தெரியாது. பாடத்துக்குப் பதிலாகக் குதிரை என்பதே தப்புக் கணக்கு.

குணத்தைப் பற்றியும் சொல்கிறேன். 'கொள்ளென்றால் வாயைத் திறக்கும், கடிவாளமென்றால் வாயை மூடும்' குதிரையை நம் பழமொழிக்குத் தெரியும். பந்தயக் குதிரை கடிவாளத்துக்கும் சந்தோஷமாக வாயைத் திறக்கும், சிக்கல் அதற்குப் பிறகு. ஜாக்கி கடிவாளத்தை இறுக்க, அதன்மேல் சாய்ந்துகொண்டு வேகம் பிடிக்கப் பழகிய மிருகம் அது. பயத்தில் நீங்கள் இழுக்க இழுக்க, ஓடச் சொல்கிறீர்கள் என்று அது நினைத்துக்கொள்ளும். அதன்மேல் குற்றமில்லை. அதற்கு மறுபாடம் சொல்லித்தர ஒரு கைதேர்ந்த ஆள் பல மாதம் ஏற வேண்டும். அந்த ஆளுக்கும் சம்பளம்.

கோடையில் குதிரைக்கு உரிமையாளருக்குத் தூக்கம் போய்விடும். நோயின் முதல் அடையாளம் காய்ச்சல் என்பதால் பிப்ரவரி தொடங்கி தினமும் வெப்பமானி வைத்துப் பார்க்க வேண்டும். 38.5 தாண்டினால் ஏறக்கூடாது, மருத்துவரைக் கூப்பிட வேண்டும். பொடிக்கொசு மருந்து, மெல்லிய போர்வை, கொட்டில் சன்னலுக்கு வலை. தடுப்பூசி போட்ட குதிரைக்கும் வருவதுண்டு, ஆனால் போட்டவை தாங்கிக்கொள்ளும் வாய்ப்பு அதிகம். 1908இல் ஆர்னால்ட் தெய்லர் தொடங்கிய ஆண்டர்ஸ்டீபோர்ட் கால்நடை ஆய்வகம் பல வருடம் இந்த நோயோடு மல்லுக்கட்டியது. வைரஸில் ஒன்பது வகை. அத்தனைக்கும் ஒரே ஊசியில் வழி கிடைக்காததால்தான் இரண்டு புட்டி.

ஐந்து வயதில் உங்களிடம் வரும் குதிரை இன்னும் இருபது வருடம் வாழலாம். நடுவில் குழந்தை பிறக்கும், வேலை மாறும், கேப்டவுனுக்குப் போக நேரும். கேப்டவுனைச் சுற்றிக் குதிரை நோய்க் கட்டுப்பாட்டுப் பகுதி இருப்பதால் அங்கே குதிரையைக் கொண்டுபோக அனுமதிச் சீட்டு வேண்டும். விற்கலாமென்றால், சும்மா கிடைத்ததை யார் காசு கொடுத்து வாங்குவார்கள்?

அப்படியும் வாங்கலாம், எப்போது? இருவரும் இரண்டு வருடமாவது கற்று, ஒரு முழுக் கோடையை லாயத்தில் இருந்து பார்த்து, வெப்பமானி வைக்கத் தெரிந்து, வாங்குவதற்கு முன் சொந்தமாக ஒரு மருத்துவரை வைத்துக் குதிரையைச் சோதித்த பிறகு. அப்போதும் முதல் குதிரையாகப் பந்தயக் குதிரை வேண்டாம். பத்து வயது தாண்டிய, பிள்ளைகளைச் சுமந்து சலித்த ஒரு போயர்பெர்ட் (இந்நாட்டுச் சவாரிக் குதிரை இனம்) கிடைத்தால் விலை கொடுத்தே வாங்குங்கள். அது மலிவு.

## விடுமுறைச் சவாரி மட்டும்

சிலருக்கு அரீனாவில் வட்டமடிக்க ஆசையே இல்லை. டிராகன்ஸ்பர்க் மலையில் புல்வெளி நடுவே இருவரும் பக்கத்துப் பக்கத்தில் போக வேண்டும், ஒரு படம் எடுக்க வேண்டும். தப்பில்லை. அதற்கு வருடத்துக்கு இரண்டு முறை மலைக்குப் போனால் போதும். லெசோதோவில் பசூட்டோ குதிரைகள் இருக்கின்றன. சின்ன உருவம், கல்லில் வழுக்காத கால், மலைப்பாதையை உங்களைவிட அவற்றுக்கு நன்றாகத் தெரியும். எடைக் கட்டுப்பாட்டை மட்டும் முன்பே கேளுங்கள். பெரிய உடம்புக்கு அது ஏற்றதல்ல. இரண்டு மணிக்கு மேல் போகிற சவாரி என்றால் முன்னதாக நாலு தனிப் பாடமாவது எடுத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் மறுநாள் படி இறங்க முடியாது.

| வழி | ஒளிந்திருக்கும் செலவு | இருவரும் சேர்ந்து ஏறலாமா | கோடை அடித்தால் | விலகுவது |
|---|---|---|---|---|
| குழுப் பாடம் | தப்பான பழக்கத்தைப் பின்னால் திருத்துவது | ஆம் | நேரம் மாறும் | அடுத்த வாரமே |
| ஜோடிப் பாடம் | வீட்டுச் சண்டை, பயந்தவர் விழுவது | ஆம் | நேரம் மாறும் | ஒருவர் நின்றால் மற்றவருக்கு விலை ஏறும் |
| தனிப் பாடம் | ரத்துக் கட்டணம், ஹெல்மெட் | முதல் மூன்று மாதம் வேண்டாம் | நேரம் மாறும் | அடுத்த வாரமே |
| அரைக் குத்தகை | ஏறாத வாரங்களுக்கும் பணம், மருத்துவர் | இல்லை | ஊசி, ஓய்வு, கவலையில் பாதி | ஒப்பந்தப்படி |
| சொந்தக் குதிரை | எல்லாமே | இரண்டு குதிரை இருந்தால் | முழுக் கவலையும் உங்களுடையது | மிகக் கடினம் |
| விடுமுறைச் சவாரி | பயணமும் தங்கலும் | ஆம் | குளிர்காலத்தில் போகலாம் | விலகவே வேண்டியதில்லை |

ஐம்பது தாண்டிய அண்ணனும் அக்காவும் சனிக்கிழமை காலை தனித்தனி அரைமணியில் தொடங்கி, நாலாம் மாதம் ஜோடிப் பாடத்துக்கு வரலாம். அதற்கு மேல் அவர்களுக்கு எதுவும் தேவைப்படும் என்று தோன்றவில்லை. முழங்காலுக்குப் பெரிய அங்கவடியும் ஏறுவதற்கு உயரமான படிக்கட்டும் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளட்டும். தரையிலிருந்து எம்பி ஏறுவது அவர்களுக்கும் ஆகாது, குதிரை முதுகுக்கும் ஆகாது.

தங்கச்சி அந்த விளம்பரத்தை அழித்துவிட்டு இரண்டு மூன்று லாயங்களுக்குத் தொலைபேசியில் பேசட்டும். என்னென்ன கேட்பது? எங்கள் எடைக்கு எத்தனை குதிரை இருக்கிறது? முதல் பாடங்கள் நீளக்கயிற்றிலா? ஒரு குதிரை ஒரு நாளைக்கு எத்தனை பாடம் சுமக்கிறது? மூன்றுக்கு மேல் சொன்னால் அந்த லாயம் வேண்டாம். கடைசியாக, "மார்ச் மாதத்தில் மாலை வகுப்பு எத்தனை மணிக்கு?" என்று ஒன்றும் தெரியாத மாதிரி கேட்க வேண்டும். "ஆறு மணிக்கு வாங்க, குளிர்ச்சியா இருக்கும்" என்று பதில் வந்தால் போனை வைத்துவிடலாம்.